இடது தோளுக்கு ஒரு பை

மூன்றாவது பையையும் தோளில் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள் பெனினா. வலது கையில்தான். மாட்டிப் பார்க்காமல் முதுகுப் பையை எப்படி வாங்குவது என்று கேமராக் கடை வள்ளிநாயகம் அண்ணாச்சி ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டார், மறுபடி கேட்பதற்குள் இதற்கும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். ஜிப் சரியில்லை என்று முதல் பைக்குச் சொல்லியாயிற்று. சாம்பல் நிறம் அழுக்கைக் காட்டும் என்று இரண்டாவதுக்கு. இது கறுப்பு, ஜிப் வெண்ணெயாக ஓடுகிறது, முதுகில் படும் பக்கம் காற்றுப் போக வலைத்துணி வைத்திருக்கிறார்கள், பட்டைகள் மூன்று விரல் அகலத்துக்கு மெத்தென்று இருக்கின்றன. குறை சொல்ல ஒன்றும் இல்லாத பை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு பட்டைகளையும் சேர்த்து நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டுகிற சின்னப் பட்டை ஒன்று கொக்கியோடு தொங்கிக்கொண்டிருந்தது, அவள் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், கண் அங்கேயே போனது. ஜங்ஷனில் பேருந்துகள் கத்துகிற சத்தம் மாடிக்கு ஏறி வந்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றேகால். காயல்பட்டினத்துக் கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிறாளா என்று பன்னிரண்டு மணிக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பையை எடுத்தால் வருகிறேன் என்று சொல்லலாம், பை அமையவில்லை என்றால் வரவில்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் கணக்கு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். ஆனாலும் யோசனை செக்கு மாடு மாதிரி அந்தக் கொக்கியையே சுற்றி வந்தது.

காலையில் இடது கையை அளந்தபோது முழங்கைக்கு மேலே இருபத்தெட்டரை. நேற்று இருபத்தெட்டு. நாலரை மாதமாகத் தினமும் பல் தேய்த்ததும் தையல்காரர் டேப்பை எடுத்து மணிக்கட்டில், முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே என்று மூன்று இடத்தில் அளந்து காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்துவைக்கிறாள். அரை சென்டிமீட்டர். டேப் சாய்ந்திருக்கலாம். ஒற்றைக் கையால் அளப்பதால் சாயத்தான் செய்யும், நேற்றுகூடச் சாய்ந்துதான் இருந்திருக்கும், நேற்றுச் சாய்ந்ததும் இன்று சாய்ந்ததும் ஒன்றுதான் என்றால் அந்த அரை எங்கிருந்து வந்தது. இரண்டாம் தடவை அளக்கப் பயந்து டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண், கல்யாணம் ஆகாத சின்னப் பெண், அழகாகச் சிரிப்பவள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அக்குளில் இருக்கும் நெறிகளையும் சேர்த்து எடுத்திருக்கிறார்கள், கைக்குள் போகிற நீர் திரும்பி வர வழி குறைந்துபோயிற்று, அதனால் இந்தக் கையில் ஊசி கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது, இரண்டு கிலோவுக்கு மேல் பாரம் கூடாது, தோளில் எதுவும் அழுத்தக் கூடாது, வீங்கினால் வீங்கினதுதான், பழையபடி ஆவது கஷ்டம். எத்தனை நாளைக்கு என்று பெனினா கேட்டாள். எப்பவுமே என்று அந்தப் பெண் அதே சிரிப்போடு சொன்னாள். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, பீரோ மேல் இருந்த கேமரா பையைப் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தது. குளியலறையில் எடை பார்க்கும் மெஷினைப் போட்டு பையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். ஏழு கிலோ நானூறு.

அந்தப் பழைய பை ஒற்றைப் பட்டைப் பை. பதினான்கு வருஷம் இடது தோளில் தொங்கியது. வலது கைக்கு கேமரா, இடது தோளுக்குப் பை, அப்படியே பழகிவிட்டது. தோளில் பட்டை விழுந்த இடத்தில் ஒரு பள்ளமே இருந்தது, கணவர் தனசிங் அதில் கட்டைவிரலை வைத்து அமுக்கித் தைலம் தேய்த்துவிடுவார், உனக்குத் தோள் எலும்பு வளைஞ்சு போச்சுடீ என்பார். பட்டை அங்கிருந்து இறங்கி மார்பின் ஓரத்தை உரசிக்கொண்டுதான் முதுகுக்குப் போகும். அங்கேதான், அந்த ஓரத்தில்தான், குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. ஒரு சுண்டைக்காய் அளவு. முதலில் பட்டை உரசி வந்த கட்டி என்றே நினைத்தாள், இரண்டு மாதம் அப்படியே விட்டாள். பையினால்தான் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இல்லம்மா, பைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அப்படியெல்லாம் வராது என்று நிதானமாகச் சொன்னார். சம்பந்தமில்லை. தெரியும். படித்துப் பார்த்திருக்கிறாள். ஆனால் கறுப்புப் பட்டை ஒன்றைக் கண்டால் உடம்பு தானாக அரை அடி பின்வாங்குகிறது, டாக்டர் சொன்னது உடம்புக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் பட்டையே இல்லாத பை வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி இருக்கிறது, இழுத்துக்கொண்டு போகலாம், காயல்பட்டினத்துத் தெருவில் பாதி மணல், மணலில் சக்கரம் என்ன செய்யும், வாசல்படி வந்தால் தூக்கத்தானே வேண்டும், வீட்டுக்குள் கூட்டத்தில் பெட்டியை எங்கே இழுப்பது. வலது தோளில் நேராகத் தொங்கவிட்டால் குனியும்போது வழுக்கி முன்னால் வந்து விழும். வலது தோளிலிருந்து குறுக்காகப் போட்டால் பட்டை தையல் போட்ட இடத்தின் மேலேயே போகும். முதுகுப் பை என்றால் இரண்டு தோளும் சமமாகத் தாங்கும், சமம் என்றால் மூன்று கிலோ எழுநூறு, மூன்று எழுநூறு இரண்டைவிட எவ்வளவு அதிகம். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரு இடத்தில் வந்து முட்டிக்கொண்டது. இந்த உடம்பில் பை மாட்ட இடமில்லை.

செல்போன் கைப்பைக்குள் ஒருதடவை அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஜெய்னம்பு லாத்தாவாகத்தான் இருக்கும். லாத்தா என்றால் காயல்பட்டினத்து முஸ்லிம்கள் பக்கம் அக்கா, வயதில் பத்து வருஷம் மூத்தவர், அவருடைய மூத்த மகள் கல்யாணத்துக்குப் பெனினாதான் எடுத்தாள், இப்போது இளையவளுக்கு, வருகிற ஞாயிறு. அந்த ஊரில் பெண்கள் பக்கத்துக்கு ஆண் யாரும் கேமராவோடு நுழைய முடியாது, அதனால்தான் பாளையங்கோட்டையில் இருக்கிற பெனினாவைத் தேடி வந்தார்கள், ஒரு வீட்டில் எடுத்தாள், அந்த வீட்டுக்கு வந்தவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொன்னார்கள், பதினான்கு வருஷத்தில் அவள் எடுக்காத தெரு இல்லை. படங்களை வீட்டு ஆட்களைத் தவிர வேறு ஒருவருக்கும் காட்ட மாட்டாள், கம்ப்யூட்டரில்கூட வைத்துக்கொள்ள மாட்டாள், கொடுத்ததும் அழித்துவிடுவாள் என்று அங்கே அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்குத்தான் வேலை. நேற்று ராத்திரி ஜெய்னம்பு லாத்தா அனுப்பியிருந்தார், உங்களுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டேன், ஞாயிறு வருவீர்களா மாட்டீர்களா, நாளை லுஹர் தொழுகைக்கு முன்னால், பன்னிரண்டு மணிக்குள் சொன்னால் நல்லது, மதுரையில் படம் எடுக்கிற ஒரு பெண் இருக்கிறாளாம், மருமகள் விசாரித்து வைத்திருக்கிறாள். கேள்விப்பட்டேன். யாரிடமிருந்து? தனசிங் யாரிடமும் சொல்லவில்லை, தங்கச்சியிடம்கூட ஒரு நீர்க்கட்டி என்றுதான் சொல்லியிருக்கிறாள், கோயிலில் ஜெபத்துக்குப் பெயர் கொடுக்கலாம் என்று ஆயர் வீட்டம்மா கேட்டபோதும் தலையாட்டி மறுத்துவிட்டாள். போட்டோகிராபர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். இன்னாருக்கு இந்த வியாதி என்று ஒருவன் கைகூப்புகிற படம் ஒன்றைப் போட்டால் போதும், அடுத்த ஒரு மணி நேரத்தில் இருநூறு கைகூப்பல், அதோடு வேலை முடிந்தது. பாவம், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லியே ஆட்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். தனசிங் தான் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவதாகச் சொன்னார். எதுவரைக்கும்? வாசல்வரைக்கும். அந்த வாசலுக்கு உள்ளே அவர் ஒரு எட்டு வைக்க முடியாது. வாசலுக்கு அந்தப் பக்கம் அவளும் பையும் மட்டும்தான்.

வள்ளிநாயகம் அண்ணாச்சி அதற்குள் கண்ணாடி மேசையைத் துடைத்துவிட்டு, வெறும் பையைப் பார்த்து என்ன தெரியும், சாமானைப் போட்டுப் பார்த்தால்தானே பாரம் எங்கே நிற்கிறது என்று தெரியும் என்றார். அறுபது வயது மனிதர், முன்பு கேமரா ரிப்பேர் பார்த்தவர், இப்போது கண் மங்கிப்போய் விற்பனை மட்டும். எதையும் தள்ளிவிடுகிற ஆள் இல்லை, அதனாலேயே மறுக்க முடியவில்லை. தனசிங் காலையில் அலுவலகத்துக்குப் போகிற வழியில் சாமான்களை ஒரு துணிப்பையில் போட்டுத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பெரிய கேமரா. சின்ன கேமரா. நீள லென்ஸ், அது மட்டுமே ஒன்றரைக் கிலோ. முகத்துக்கென்று வைத்திருக்கும் லென்ஸ், மணப்பெண் தனியாக இருக்கும்போது மட்டும் எடுப்பது. இரண்டு ஃப்ளாஷ், பேட்டரிகள். நாலரை மாதமாகத் தொடாத பொருள்கள், ஒவ்வொன்றும் கைக்கு வந்ததும் விரல்கள் தாமாக மூடியைச் சரிபார்த்தன, பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தன. ஒரு நிமிஷம் எல்லாம் மறந்துபோனது. பிறகு பை நிறைந்தது, அண்ணாச்சி ஜிப்பை இழுத்து மூடினார். மாட்ட வேண்டும். பஞ்சு. அதுதான் அடுத்த பயம். இடது பக்கத்துக்கு அவளே பருத்தித் துணியில் பஞ்சு அடைத்துத் தைத்து உள்ளாடைக்குள் வைத்திருந்தாள், கடையில் விற்பது உடம்போடு ஒட்டிக்கொண்டு வேர்த்து அரித்தது. இது லேசு. லேசாக இருப்பதால் நகரும். முதுகுப் பையின் பட்டை தோளை இழுத்தால், சேலை இழுபடும், உள்ளே அது மேலே ஏறும், ஏறினால் வெளியே தெரியும், தெரிந்தால், இங்கே, அண்ணாச்சி முன்னால். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளையின் பையை மாட்டி ஒத்திகை பார்த்திருக்கலாம். பக்கத்து வீட்டில் கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஏன் தோன்றவில்லை. சேலைக்குப் பதில் சுடிதார் போட்டிருக்கலாம், துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போட்டிருக்கலாம். கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது, அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும், எட்வின். பாளையங்கோட்டையிலேயே இன்னொரு போட்டோகிராபர், முப்பத்தைந்து வயது, டிரோன் வாங்கினதிலிருந்து கொடி பறக்கிறது, பெரிய மண்டபங்கள் எல்லாம் அவன் கையில். நல்ல பையன்தான், வாய்தான் ஊரெல்லாம். நாலு மாதமாக ஆளையே காணவில்லையே, வெளிநாட்டில் மகன்கிட்டே போயிட்டீங்கன்னு பேசிக்கிட்டாங்க என்று வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். மகன் வெளிநாட்டில் இல்லை, பெங்களூரில் இருக்கிறான். அவள் சிரித்தாள், ஆமா இல்லை என்று இரண்டுக்கும் பொதுவாகத் தலையை ஆட்டினாள். புதுப் பையா, இந்தக் கம்பெனி நல்லா இருக்கும், என்ன யோசனை, மாட்டிப் பாருங்க என்றான். மாட்டலாம் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டு இருக்கும்போதே அவன் மேசையிலிருந்து பையைத் தூக்கிவிட்டான், உதவிதான் செய்கிறான், மணவறையில் ஒருவருக்கொருவர் அப்படித்தான் செய்துகொள்வார்கள், ஒருவர் தூக்கிப் பிடிக்க மற்றவர் கையை நுழைப்பார், ஆயிரம் தடவை நடந்ததுதான், அவள் பின்னால் வந்து வலது கைக்குள் பட்டையை ஏற்றிவிட்டு இடது கையை மடக்கிப் பிடித்து இன்னொரு பட்டையை இழுத்தான். ஏழு கிலோ நானூறும் ஒரே நேரத்தில் இறங்கியது. அக்குளிலிருந்து முழங்கைவரைக்கும் ஒரு கம்பியைச் சுண்டினது போல வலி ஓடியது, அது போன பிறகுதான் பட்டை தையல் மேல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, அதற்கும் பிறகுதான் உள்ளே பஞ்சு நழுவிக் கழுத்தெலும்புப் பக்கம் ஏறிவிட்டது தெரிந்தது.

“கைய எடு.”

தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. எட்வின் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அவள் தோளைக் குலுக்கிப் பையிலிருந்து விடுபட்டு, மேசையில் கிடந்த சாம்பல் நிறப் பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். சுவரில் ஏதோ குழந்தையின் படம். குழந்தைக்கு இரண்டு பல். என்னக்கா, என்ன ஆச்சு, இடிச்சிருச்சா என்று பின்னால் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் சொல்லத் திரும்ப வேண்டும், திரும்பினால் தெரியும். எவ்வளவு நேரம் ஒரு பையை அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பது. வள்ளிநாயகம் அண்ணாச்சி எட்வினிடம் அவன் கேட்ட மெமரி கார்டு கீழே குடோனில் இருப்பதாகவும் கடைப் பையன் சாப்பிடப் போயிருப்பதால் அவனே போய் எடுத்துவரும்படியும் சொல்வது கேட்டது. எட்வின் மெமரி கார்டு கேட்கவே இல்லை. படியில் சத்தம் இறங்கிப் போனது. அப்புறம் அண்ணாச்சி அவள் பக்கம் பார்க்காமலேயே, பாஸ்போர்ட் போட்டோ ரூம்ல லைட் போட்டிருக்கேம்மா, கண்ணாடி இருக்கு என்றார்.

நீலத் திரை, ஒரு முக்காலி, பவுடர் டப்பா, கயிற்றில் கட்டிய சீப்பு, ஆளுயரக் கண்ணாடி. கதவைத் தாழிட்டாள். முந்தானையை எடுத்ததும் தெரிந்தது, தோளுக்குக் கீழே ஒரு புடைப்பு, அதற்குக் கீழே தட்டை. ஊசிமுனை அளவுகூட ரத்தம் இல்லை. தையலை விரலால் தடவிப் பார்த்தாள், மறுபடி தடவினாள், ஈரம் இல்லை. கை? கையைத் தூக்கிப் பார்த்தாள், முழங்கைக்கு மேலே சிவந்திருக்கிறதா, ட்யூப்லைட் வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பாகவும் தெரியும் வெளுப்பாகவும் தெரியும், டேப் இல்லை, டேப் இருந்தால் இப்போதே அளந்திருப்பாள், முப்பது என்று காட்டினால் என்ன செய்வது, நல்லவேளை டேப் இல்லை. பஞ்சை எடுத்துச் சரியாக வைத்து இரண்டு ஊக்குக் குத்தினாள். எத்தனை மணப்பெண்களுக்கு எத்தனை ஊக்கு குத்தியிருக்கிறாள், பின்கொசுவத்தில், ஜாக்கெட் தோளில், முக்காட்டில், லேசாக நாடியைத் தூக்கு, தோளைத் தளர விடு, மூச்சை விடு என்று சொல்லிச் சொல்லி. முக்காலியில் உட்கார்ந்தாள். இந்த முக்காலியில் உட்கார்ந்தவர்களை எதிரே நின்று பார்த்துத்தான் பழக்கம். இப்போது எதிரே கண்ணாடியில் நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருத்தி, மருந்தில் கொட்டிய முடி குட்டையாக முளைத்து, பயந்த கண்ணோடு. இவளைப் படம் எடுக்கச் சொன்னால் என்ன சொல்லுவாள். தோளைத் தளர விடு. விட்டாள். மூச்சை விடு. வரவில்லை. வெளியே எட்வின் திரும்பி வந்துவிட்டான், கீழே கார்டு ஒன்றும் இல்லையே அண்ணாச்சி என்கிறான், அக்கா எங்கே என்கிறான், என்ன கோபம் அவங்களுக்கு, நான் தப்பா ஒண்ணும் பண்ணலையே என்கிறான், குரல் உடைகிறது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அவன் என்ன நினைத்துக்கொண்டு நிற்கிறான் என்று. தொட்டதற்கு அதட்டினாள் என்று நினைக்கிறான். அப்படித்தானே யாரும் நினைப்பார்கள். பேசாமல் இருந்தால் அந்தப் பழி அவன்மேல் நிற்கும். பேசினால் இது அவள்மேல் நிற்கும். மணி பதினொன்று நாற்பத்தெட்டு. வேறு பொய் ஏதாவது. தோளில் சுளுக்கு என்று சொல்லலாம், சுளுக்கு நல்ல பொய், எல்லோருக்கும் வருவது, சுளுக்குக்கு எவ்வளவு நாள், பத்து நாள், பத்து நாளுக்கு அப்புறம் அடுத்த பொய், அதற்கப்புறம் அடுத்தது, எப்பவுமே என்று அந்தப் பெண் சொன்னாளே, எப்பவுமே எவ்வளவு பொய் வேண்டியிருக்கும். தாழை நீக்கினாள்.

“எட்வின், ஒம்மேல கோவம் இல்ல. எனக்கு இடது பக்க மார்ப எடுத்தாச்சு. கேன்சர். நாலரை மாசம் ஆச்சு.” அவன் முகத்தைப் பார்க்காமல் அண்ணாச்சி பக்கம் திரும்பிக்கொண்டாள், நின்றால் மீதி வராது என்று தெரிந்தது. “அண்ணாச்சி, இடது தோள்ல பாரம் ஏறக் கூடாது. நெஞ்சுல பட்டை படக் கூடாது. அதுக்கு ஏத்தாப்புல ஒரு பை இருந்தா காட்டுங்க, இல்லன்னா நான் போறேன்.”

கீழே ஒரு நடத்துனர் தூத்துக்குடி தூத்துக்குடி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இதோ இப்போது ஐயோ என்பார்கள், இப்போது எட்வினின் அத்தை, சித்தி யாராவது ஒருத்தி கதைக்குள் வருவாள், செத்துப்போனவளாக இருப்பாள், அவர்கள் எப்போதும் செத்துப்போனவர்களாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பு தாங்குமா என்று மட்டும் கேட்டார். தாங்கும் என்றாள். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எட்வின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவன், பிறகு கிட்டத்தில் வந்தான்.

“அக்கா, நான் ஒண்ணு காட்டுதேன். நீங்க யார்ட்டயும் சொல்லிராதீங்க.”

சட்டையைத் தூக்கினான். வயிற்றைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தோல்நிறத்தில் பட்டி, உள்ளே கம்பி வைத்தது, விலாவில் அது உரசிக் கறுத்த தழும்பு. எட்டு மாதமாகக் கட்டுகிறானாம். முதுகில் இரண்டு வட்டு விலகிவிட்டது, அஞ்சு கிலோவுக்கு மேல் தூக்கினால் கால் மரத்துப்போகும், டிரோன் வாங்கினது கௌரவத்துக்கு இல்லை, வீடியோ கேமராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடக்க முடியாது, அதனால்தான். ஆட்டம் பாட்டம் எல்லாம் சும்மா. மண்டபக்காரனுக்குத் தெரிந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேறு ஆள். மனைவியையும் அண்ணாச்சியையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது, இப்போது உங்களுக்கு. அவளுடையதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் சொல்லவே இல்லை. தன்னுடையதைச் சொல்லிவிடாதீர்கள் என்று இரண்டு தடவை கேட்டான். சொல்ல மாட்டேன் என்றாள். தடதடவென்று படியேறி வந்தானே, அந்தத் தடதடப்புக்கு அவன் எவ்வளவு பல்லைக் கடித்திருப்பான் என்று ஒரு நினைப்பு ஓடியது. இந்த வேலையில் யார் யார் சட்டைக்குள் என்னென்ன இருக்கிறதோ. பயம் போய்விடவில்லை, ஆனால் அது தனியாக நிற்கவில்லை.

அண்ணாச்சி கொண்டுவந்தது பையே இல்லை. கையகலப் பட்டை ஒன்று, உள்ளே மெத்தை, அதில் சின்னச் சின்ன உறைகளாக ஐந்து, லென்ஸுக்கு இரண்டு, ஃப்ளாஷுக்கு இரண்டு, பேட்டரிக்கு ஒன்று, வலது பக்கம் கேமராவைத் தொங்கவிட ஒரு இரும்புக் கொக்கி. யாரோ வரவழைக்கச் சொல்லிவிட்டு வாங்காமல் போனதாம். நிறம் பூசணிப்பூ மஞ்சள். கல்யாண வீட்டுக்கு இதைக் கட்டிக்கொண்டு போனால் மின்வாரியத்து ஆள் கம்பம் ஏற வந்ததாக நினைப்பார்கள். பட்டை இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும், வயிற்றின் மேல் இல்லை என்று அண்ணாச்சி தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார், அவளைத் தொடவில்லை. தானே மாட்டி இறுக்கினாள். இடுப்பு ஆண்களுக்கென்று அளவெடுத்தது, இரண்டு துளை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக உறைக்குள் இறக்கினாள். பாரம் கீழே போனது, இடுப்புக்கு, தொடைக்கு, பாதத்துக்கு. தோள் இரண்டும் வெறுமையாக இருந்தன. பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாகச் சாமான் எல்லாம் உடம்பில் இருக்கும்போது தோளில் ஒன்றும் இல்லை, அந்த இல்லாமையே ஏதோ விழுந்துவிட்டது போலத் திடுக்கிடவைத்தது, கை தானாகப் போய் இடது தோளைத் தடவிப் பார்த்தது. குனிந்தாள். நிமிர்ந்தாள். கடையின் நீளத்துக்கு நடந்தாள், திரும்பி நடந்தாள். நீள லென்ஸ் தொடையில் இடித்தது. நடந்தால் குலுங்கியது. மண்டியிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தாள், எழுந்திருக்க மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது, வலது கையால் பிடித்தாள். இதில் ஒரு நாள் முழுக்க நிற்க முடியுமா. ஆறு மணி நேரம் முடியும். நாலு மணி நேரம் நிச்சயம் முடியும். ஐந்தாவது மணியில்தான் நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை உள்ளே வருவார். பதினொன்று ஐம்பத்தேழு.

வருகிறேன் என்று மெசேஜ் மட்டும் போட்டால் போதும், ஒரு வார்த்தை. தட்டினாள். அழித்தாள். அங்கே போய் நின்ற பிறகு முடியாமல் போனால்? ஒரு கல்யாணம் ஒரு தடவைதான் நடக்கும், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. அந்தப் பெண் எத்தனை வயதுவரை அந்தப் படத்தைப் பார்ப்பாள். கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே ஜெய்னம்பு லாத்தா எடுத்தார், பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ யாரையோ ஏலக்காய் எங்கே என்று கேட்கிற சத்தம். பெனினா ஒரே மூச்சில் சொன்னாள், இன்ன வியாதி, இன்ன ஆபரேஷன், வர ஆசைதான், இடையிடையே உட்காருவேன், உட்கார ஒரு நாற்காலி வேண்டும், முன்னே மாதிரி ஓடி ஓடி எடுக்க முடியாது, அதற்கு மேல் முடியுமா என்று எனக்கே தெரியாது, மதுரைப் பெண்ணைச் சொல்லுவதென்றால் சொல்லிவிடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, போனைக் கையால் பொத்திவிட்டார் போல. அவ்வளவுதான் என்று நினைத்தாள். மஞ்சள் பட்டையின் கொக்கியை விரலால் நெம்பிக்கொண்டே இருந்தாள்.

“தங்கச்சி, மாடிப்படி ஏறுவியளா?” என்று கேட்டார் லாத்தா.

அந்த வீட்டில் மணப்பெண்ணை மாடி அறையில்தான் உட்கார வைப்பார்கள், மாப்பிள்ளை வருகிறவரைக்கும் அவள் இறங்குவதில்லை, உறவுப் பெண்கள் எல்லாம் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். படி குறுகல், மரப்படி, செங்குத்து. வெறுங்கையோடு ஏறலாம், இந்தப் பாரத்தோடு எத்தனை தடவை ஏறி எத்தனை தடவை இறங்குவது. ஏறுவேன் என்று சொல்ல வாய் திறந்தாள்.

“ஏற முடியாது லாத்தா.”

“அப்ப நீங்க மேல ஏற வேணாம். பொண்ணு கீழ எறங்கி வருவா. பெரியவங்க ஏதாவது சொல்லுவாங்க, அத நான் பாத்துக்கிடுதேன்.”

பெனினாவுக்கு நன்றி என்று சொல்லத் தோன்றவில்லை, அந்த வார்த்தை பக்கத்தில்கூட இல்லை. எட்வின் ஏதோ லென்ஸைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு கேட்காதவன் மாதிரி நின்றான்.

“கீழ் ரூம்ல வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வரும் லாத்தா?”

தெரியவில்லையே, அது சாமான் போட்டு வைக்கிற அறை, பார்த்துச் சொல்லுகிறேன் என்றார் லாத்தா. போனை வைக்கவில்லை. அவர் நடந்து போவது கேட்டது, பாத்திரச் சத்தம் பின்னால் போனது, ஒரு கதவு திறந்தது, யாரையோ கூப்பிட்டு அந்த மூட்டையைத் தள்ளு என்றார், எதுவோ தரையில் இழுபட்டது, துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று வர மாட்டேன் என்று முரண்டுபிடித்து, கடைசியில் படீரென்று விட்டது. கிழக்கே ஒரு சன்னல் இருக்கு தங்கச்சி, இப்ப வெயிலில்லை, காலையில நல்லா வரும் என்று சொன்னார். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுக்கொண்டே பெனினா பேனாவைத் தேடினாள்.